எக்ஸ் தளத்தின் கம்யூனிட்டி நோட்ஸ்: ஒரு செய்தி வாசகரின் மதிப்பீடு

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் பயணிகள் விமானம் ஒன்று இறங்கியபோது, உலகம் முதலில் பார்த்த படங்களுள் ஒன்று பத்திரிகைப் புகைப்படக்காரர் எடுத்ததன்று. உதவிக்கு விரைந்த படகில் இருந்த பயணி ஒருவர் கைப்பேசியில் எடுத்து ட்விட்டரில் இட்டது. 2011 மே மாதத் தொடக்கத்தில் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் நள்ளிரவு கடந்து ஹெலிகாப்டர் வட்டமிடுவதை உள்ளூர்க் கணினி வல்லுநர் ஒருவர் பதிவிட்டுக்கொண்டிருந்தார். அது பின்லேடனைத் தேடி வந்த அமெரிக்கப் படை என்பது அவருக்கே பிறகுதான் தெரிந்தது. 2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தைக் காவலர் ஒருவர் முழங்காலால் அழுத்திக்கொண்டிருந்ததைப் பதினேழு வயதுப் பெண்ணான டார்னெல்லா ஃபிரேசியர் படம்பிடித்தார். அவர் பிடிக்காமல் போயிருந்தால், மருத்துவச் சிக்கலால் ஒருவர் இறந்தார் என்ற தொனியில் காவல்துறை முதலில் வெளியிட்ட அறிக்கையே கோப்பில் நிலைத்திருக்கும். மறு ஆண்டு இதழியலுக்கான புலிட்சர் விருதுக் குழு அவருக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கியது.

ஆகவே, சம்பவ இடத்தில் நிற்கும் எவரும் செய்தியாளர் ஆகலாம் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. அப்படி வந்த செய்தி பொய்யாக இருந்தால் அதை மறுப்பது யார் பொறுப்பு என்பதுதான் இன்னும் தீராத கேள்வி. 2013இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பின் ரெட்டிட் தளத்தில் கூடிய தன்னார்வத் துப்பறிவாளர்கள், அந்தச் சம்பவத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத இளைஞர் ஒருவரைக் குண்டு வைத்தவராக அடையாளம் காட்டினார்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியிருந்தபோது, உணவும் படகும் எங்கே தேவை என்பதை அரசு அலுவலகங்களுக்கு முன்பே மக்கள் சமூக ஊடகங்களில் தொகுத்தார்கள். அதே நாள்களில், அதே வழிகளில், கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற புரளியும் ஓடியது. பண்ணையே முன்வந்து மறுக்க நேர்ந்தது. உதவியைச் சுமந்து வந்த கைகளும் புரளியைச் சுமந்து வந்த கைகளும் வேறு வேறு அல்ல என்பதே இதில் உள்ள சங்கடம்.

மக்கள் பரப்பும் செய்தியை மக்களைக் கொண்டே திருத்துவது என்ற எண்ணத்தில், இன்று எக்ஸ் என்று அழைக்கப்படும் ட்விட்டர் உருவாக்கிய சேவைதான் கம்யூனிட்டி நோட்ஸ்: தவறான பதிவின் கீழே வாசகர்களே ஆதாரத்தோடு சிறு திருத்தக் குறிப்பைச் சேர்க்கும் ஏற்பாடு. 2021 ஜனவரியில், ட்விட்டர் ட்விட்டராகவே இருந்த காலத்தில், பேர்ட்வாட்ச் என்ற பெயரில் அமெரிக்காவில் சோதனையாக இது தொடங்கப்பட்டது. ஈலான் மஸ்க் நிறுவனத்தை வாங்கிய பின் 2022 நவம்பரில் இன்றைய பெயரைப் பெற்றது. அடுத்த மாதமே உலகெங்கும் உள்ள வாசகர்கள் குறிப்புகளைப் பார்க்கலாம் என்றானது. எழுதவும் மதிப்பிடவும் இந்தியர்கள் சேர்க்கப்பட்டது 2024 ஏப்ரல் தொடக்கத்தில். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளும் வாக்களித்த ஏப்ரல் 19க்கு அப்போது இரண்டு வாரங்களே இருந்தன. தேர்தல் நெருக்கத்தில் திறந்துவிட்டதை அக்கறை என்றும் சொல்லலாம், தாமதம் என்றும் சொல்லலாம். நான் இரண்டாவதையே சொல்வேன். ஏனெனில் இந்தச் சேவையில் சேர்ந்த அன்றே எவராலும் எதுவும் எழுதிவிட முடியாது.

சேர்வதற்குக் கட்டணம் இல்லை. எழுதுவதற்கு ஊதியமும் இல்லை. கணக்குத் தொடங்கி ஆறு மாதங்களாவது ஆகியிருக்க வேண்டும், அண்மையில் விதிமீறல் எதுவும் இருக்கக் கூடாது, கைப்பேசி எண் உறுதிசெய்யப்பட்டிருக்க வேண்டும் என்பவை நுழைவு நிபந்தனைகள். உள்ளே நுழைந்ததும் தளம் ஒரு புனைபெயரைத் தருகிறது. குறிப்புகள் அந்தப் பெயரில்தான் போகும், சொந்தக் கணக்கின் பெயரில் அல்ல. அரசியல்வாதியின் பதிவுக்குக் கீழே திருத்தம் எழுதத் துணிபவரின் வீட்டு முகவரி வரை தேடிப் போகும் ஆள்கள் உள்ள நாட்டில், இந்த ஓர் ஏற்பாட்டுக்காகவே வடிவமைத்தவர்களைப் பாராட்டலாம். தொடக்கத்தில் பிறர் எழுதிய குறிப்புகளை மதிப்பிட மட்டுமே அனுமதி. 'உதவுகிறது', 'ஓரளவு உதவுகிறது', 'உதவவில்லை' என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்துவிட்டு, அதற்கான காரணத்தையும் ஒரு பட்டியலிலிருந்து குறிக்க வேண்டும்: நல்ல ஆதாரம் இருக்கிறது, எளிதில் புரிகிறது, சொல்லப்பட்ட கூற்றுக்கு நேராக விடை சொல்கிறது, நடுநிலையான மொழி என்பன ஒரு பக்கம், ஆதாரம் இல்லை, சொந்தக் கருத்து, சார்பான நடை, இந்தப் பதிவுக்குக் குறிப்பே தேவையில்லை என்பன மறு பக்கம். நாம் அளித்த மதிப்பீடு, அந்தக் குறிப்புக்கு இறுதியில் கிடைத்த நிலையோடு ஒத்துப்போனால் நமக்குப் புள்ளி சேரும், முரண்பட்டால் குறையும். ஐந்து புள்ளிகள் சேர்ந்த பிறகே எழுதும் உரிமை. எழுதியவை தொடர்ந்து நிராகரிக்கப்பட்டால் அந்த உரிமை பறிபோகும், மீண்டும் மதிப்பிட்டுத்தான் மீட்க வேண்டும்.

எந்தப் பத்திரிகை அலுவலகத்திலும் புதிதாகச் சேர்ந்தவரை முதலில் பிறர் எழுதியதைத் திருத்தவிட்டு, கை பழகிய பின்பே எழுதவிடுவார்கள். இங்கே அந்தப் பயிற்சியை ஆசிரியர் இல்லாமல், ஒரு கணக்கீட்டு முறை நடத்துகிறது. மேற்சொன்ன காரணப் பட்டியல் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு செய்தியை ஏன் நம்புகிறோம், ஏன் நம்பவில்லை என்பதை ஒவ்வொரு முறையும் பெயர் சொல்லிக் குறிக்கவேண்டி வரும்போது, நாளிதழைப் புரட்டும்போதுகூட அந்தப் பட்டியல் மனத்தில் ஓடத் தொடங்கிவிடுகிறது.

சேவையின் உயிர் அதன் கணக்கீட்டில் இருக்கிறது. இது வாக்கெடுப்பன்று, ஆயிரம் பேர் 'உதவுகிறது' என்று அழுத்தினாலும் குறிப்பு வெளியே வராமல் போகலாம். மதிப்பிடுபவர் ஒவ்வொருவரும் இதுவரை எந்தக் குறிப்புகளை ஏற்றார், எவற்றைத் தள்ளினார் என்ற வரலாற்றைக் கொண்டு அவரை ஓர் அச்சில், அதாவது ஒரு நேர்கோட்டில், ஓரிடத்தில் நிறுத்துகிறது கணக்கீடு. கட்சியையோ கொள்கையையோ யாரிடமும் கேட்பதில்லை. திரைப்படங்களுக்கு ரசிகர்கள் தரும் மதிப்பெண்களை வைத்து அடுத்து எதைப் பார்ப்பார்கள் என்று கணிக்கும் முறைக்குப் பயன்பட்ட அதே கணிதம்தான் இதற்கு அடிப்படை. குறிப்புக்குக் கிடைத்த ஆதரவில் எவ்வளவு பகுதி 'நம்ம ஆள் எழுதியது' என்பதால் வந்தது என்பதைக் கழித்துவிட்டு, எஞ்சும் ஆதரவு குறித்த அளவைத் தாண்டினால் மட்டுமே பதிவின் கீழ் அது எல்லார் கண்ணுக்கும் தெரியும். வழக்கமாக ஒருவரோடொருவர் முரண்படுகிறவர்கள் இந்த ஒன்றில் உடன்பட்டார்களா என்பதே கேள்வி. ஒரு கட்சியின் இணைய அணி மொத்தமாகத் திரண்டு வந்து மதிப்பிட்டாலும், அவர்கள் அனைவரும் அச்சின் ஒரே முனையில் நிற்பதால் பயன் சொற்பமே.

கணக்கீட்டின் கணினி நிரலையும் தரவையும் நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. எழுதப்பட்ட குறிப்புகள், அவற்றுக்குக் கிடைத்த மதிப்பீடுகள் ஆகியவற்றை யாரும் பதிவிறக்கிச் சோதிக்கலாம். எந்தப் பதிவு நம் கண்ணில் பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கணக்கீடுகளைப் பொத்திப் பொத்தி வைக்கும் ஒரு தொழிலில் இந்தத் திறப்பு அரிது. இச்சேவையின் குறைகளை நாம் எண்களோடு பேச முடிவதே, அந்தக் குறைகளை ஆராயும் தரவை அவர்களே கொடுத்திருப்பதால்தான்.

இச்சேவை எங்கே நன்றாக உழைக்கிறது என்று பார்த்தால், ஒரு படம் எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்ற வகைக் கேள்விகளில்தான். வெள்ளம், நிலநடுக்கம், போர் என்று எது வந்தாலும் பழைய படங்கள் புதிய தலைப்போடு வலம்வருவது நாம் அறிந்ததே. இத்தகைய படத்துக்கு ஆதாரம் காட்டுவது எளிது. மூலப் பதிவின் சுட்டியை இணைத்தால் போதும். எந்தக் கட்சிக்காரரும் தேதியோடு சண்டை போட முடியாது. 2023 மே 22 அன்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகன் அருகே வெடிவிபத்து என்று செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படம் ஒன்று பரவி, பங்குச்சந்தையைச் சில நிமிடங்கள் அசைத்தது. இந்தியத் தொலைக்காட்சி அலைவரிசை ஒன்றும் அதைச் செய்தியாக ஒளிபரப்பியது. அடுத்த சில நாள்களில், ஒரு படத்துக்கு எழுதப்பட்ட குறிப்பு அதே படம் இடம்பெறும் மற்ற பதிவுகளிலும் தானாகவே தோன்றும் வசதி அறிவிக்கப்பட்டது. ஒரு பொய்யை நூறு பேர் நகலெடுத்தால் நூறு மறுப்புகள் எழுதவேண்டியிருந்த பழைய அவதிக்கு இது நல்ல மருந்து. நாம் விரும்பிய அல்லது பகிர்ந்த பதிவுக்குப் பின்னால் குறிப்பு சேர்ந்தால் நமக்கு அறிவிப்பு வருவதும், குறிப்பு பெற்ற பதிவுக்கு விளம்பர வருவாயில் பங்கு கிடையாது என்று 2023 அக்டோபரில் செய்யப்பட்ட ஏற்பாடும் நல்லவை.

வெளியே வரும் குறிப்புகளின் தரம் குறித்தும் பெரிய புகாருக்கு இடமில்லை. கொரோனா தடுப்பூசி பற்றிய குறிப்புகளை எடுத்துச் சோதித்து 2024இல் ஜாமா மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, அவற்றுள் 97 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை சரியானவை என்று கண்டது. முகம் தெரியாத, மருத்துவம் படித்தவர்களா என்றுகூடத் தெரியாத மக்கள் எழுதியவை இவை என்பதை நினைத்தால், இந்த எண் வியப்புக்குரியது.

தொழில்முறைச் செய்தி நிறுவனங்களுக்கு இச்சேவை செய்திருப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாளிதழில் முதல் பக்கத்தில் வந்த தவறுக்கு, மறுநாளோ அதற்கு மறுநாளோ, உள்பக்கத்தின் கீழ் மூலையில் 'வருந்துகிறோம்' என்று ஒரு சிறு கட்டம் வரும்; தவற்றைப் படித்தவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள் என்பதை யாரும் கணக்கிட்டதில்லை. தொலைக்காட்சியில் அந்தக் கட்டம்கூடக் கிடையாது. இன்று நாளிதழோ அலைவரிசையோ தன் பக்கத்தில் இடும் தலைப்புக்கு நேர் கீழே வாசகரின் திருத்தம் வந்து நிற்க முடிகிறது. ஆசிரியரின் அனுமதி அதற்குத் தேவையில்லை. தலைப்பு எழுதும் மேசைகள் இதற்கு அஞ்சத் தொடங்கியிருந்தால் அது நல்லதே. செய்தி நிறுவனங்கள் குடிமக்களின் படங்களை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த உறவு, இங்கே தலைகீழாகிறது.

இனி, குறைகளுக்கு வருவோம். அவை சிறியவை அல்ல.

முதலாவது, எழுதப்படும் குறிப்புகளில் மிகப் பெரும்பாலானவை வாசகர் கண்ணில் படுவதே இல்லை. 2021 ஜனவரி முதல் 2025 மார்ச் வரை எழுதப்பட்ட 17 லட்சத்துக்கும் மேற்பட்ட குறிப்புகளை அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஒன்று ஆராய்ந்தபோது, 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை வெளியே வராமலே கிடந்தது தெரிந்தது. அவற்றில் குப்பையும் இருக்கும், ஐயமில்லை. ஆனால் அனைத்தும் குப்பையன்று. 2024 அமெரிக்கத் தேர்தல் பற்றிய 283 தவறான பதிவுகளை எடுத்துப் பார்த்த மற்றோர் அமைப்பு, சரியான குறிப்பு எழுதப்பட்டிருந்தும் 209 பதிவுகளில் அது எல்லார் கண்ணுக்கும் காட்டப்படவில்லை என்று கண்டது. காரணம், நான் மேலே புகழ்ந்த அதே கணக்கீடு. படம் பழையது என்பதில் இரு தரப்பும் உடன்படும். வாக்கு எண்ணிக்கையில் மோசடி நடக்கவில்லை என்பதில் உடன்படாது. எந்தப் பொய் மக்களை இரண்டாகப் பிளக்கிறதோ, அந்தப் பொய்க்கான மறுப்பும் அதே கோட்டில் பிளந்துபோய், தேவையான அளவைத் தொடாமல் நின்றுவிடுகிறது. பாரபட்சத்தைக் கழிப்பதற்காகச் செய்த ஏற்பாடு, மிகவும் தேவைப்படும் இடத்தில் வாயை மூடிக்கொள்கிறது. இதைப் பழுது என்று சொல்ல முடியாது, வடிவமைப்பின் விலை. அந்த விலையைக் கொடுக்கலாமா என்பதில் நேர்மையானவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கலாம். உண்மையைப் பலரின் உடன்பாட்டோடு சமப்படுத்தும் எந்த ஏற்பாட்டையும் செய்தித் தொழில் முழுதாக ஏற்க முடியாது என்பது என் நிலை.

இரண்டாவது, வேகம். பொய்ச் செய்தியின் பெரும்பங்கு வாழ்வு முதல் சில மணி நேரங்களில் முடிந்துவிடுகிறது. 2023 அக்டோபரில் இஸ்ரேல், ஹமாஸ் போர் மூண்ட நாள்களில் வந்த குறிப்புகளை ஆராய்ந்த ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம், வழக்கமான ஒரு குறிப்பு வெளியே தெரிய ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆனதாக எழுதியது. ஏழு மணி நேரத்தில் ஒரு புரளி விடியற்காலை தேநீர்க் கடையிலிருந்து மாலைத் தொலைக்காட்சி விவாதம் வரை போய்விடும். 2024 அக்டோபரில் கணக்கீட்டை விரைவாக்கிச் சில குறிப்புகள் இருபது நிமிடங்களுக்குள்ளேயே தோன்றக்கூடும் என்று நிறுவனம் அறிவித்தது. முன்னேற்றம்தான், ஆனால் அது சிலவற்றுக்கு மட்டும்.

2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய நாள்களை இரண்டு குறைகளும் ஒன்றாகச் சேர்ந்து வெளிப்பட்ட சோதனைக்களம் எனலாம். காணொளி விளையாட்டின் காட்சிகள் வான்வழித் தாக்குதலாகக் காட்டப்பட்டன. கராச்சித் துறைமுகம் அழிக்கப்பட்டது என்று பெரிய தொலைக்காட்சிகளே முழங்கின. இரு தரப்பிலும் பரவிய 437 பொய்ப் பதிவுகளை எக்ஸ் தளத்தில் திரட்டிய ஓர் ஆய்வு, அவற்றில் 73 பதிவுகளுக்கு மட்டுமே குறிப்பு சேர்ந்திருந்ததாகச் சொன்னது. அதே தொகுப்பில் 179 பதிவுகள் நீலக்குறி பெற்ற கணக்குகளிலிருந்து வந்தவை. இரண்டு நாட்டு மக்களும் ஒரே குறிப்புக்கு உடன்பட வேண்டும் என்று போர் நேரத்தில் காத்திருப்பது வீண்.

தமிழுக்கு வரும்போது சிக்கல் இன்னும் ஆழமாகிறது. 2023 மார்ச் மாதம், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்று காணொளிகள் பரவின. வேறு மாநிலங்களில் நடந்த, தொழிலாளர்களோடு தொடர்பே இல்லாத சம்பவங்களின் காட்சிகள் அவற்றில் இருந்தன. திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்கள் ஊர் திரும்ப ரயில் நிலையங்களில் குவியும் அளவுக்கு அச்சம் பரவியது. தமிழ்நாடு காவல்துறை இந்தியில் விளக்கம் வெளியிட்டது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துச் சென்றது. இத்தகைய பொய்க் காணொளிகளைப் பரப்பியதாக யூடியூபர் மனீஷ் காஷ்யப் கைது செய்யப்பட்டார். அப்போது இந்தியர்களுக்கு இச்சேவையில் எழுதும் உரிமை இல்லை. இருந்திருந்தால்? காணொளியின் மூலத்தைக் காட்டுவது எளிதென்பதால் குறிப்பு வெளியே வந்திருக்க வாய்ப்புண்டு. ஆனால் அந்தக் காணொளிகள் இந்தியில் பரவின, உண்மை தெரிந்தவர்கள் தமிழில் இருந்தார்கள். இடையில் பாலமாக இரு மொழியும் தெரிந்த மதிப்பீட்டாளர்கள் போதிய எண்ணிக்கையில் தேவைப்பட்டிருப்பார்கள். மொழியெல்லையைக் கடந்து ஓடும் புரளியை மொழிக்குள்ளேயே இருந்து மதிப்பிடும் மக்களால் பிடிப்பது கடினம்.

தமிழுக்குள்ளேயே பரவும் பொய்களுக்கு வேறு இடர். அடிப்படைக் கணக்கீடு மக்களை ஒரே அச்சில்தான் நிறுத்துகிறது. அமெரிக்காவில் அந்த அச்சு பெரும்பாலும் இடது, வலது என்ற பிரிவோடு ஒத்துப்போகிறது. நம் ஊரில் ஒருவரை எந்த ஓர் அச்சில் நிறுத்துவது? கட்சி, சாதி, மொழிக்கொள்கை, பகுத்தறிவும் பக்தியும், போதாக்குறைக்குத் திரை நாயகர்களின் ரசிகர் அணிகள் என்று வெட்டுக்கோடுகள் பல திசைகளில் ஓடுகின்றன. ஒன்றில் எதிரெதிராக நிற்பவர்கள் மற்றொன்றில் ஓரணியாக நிற்பார்கள்; அவர்களின் உடன்பாட்டைக் கணக்கீடு பரந்த உடன்பாடு என்று எடுத்துக்கொள்ளக்கூடும். மேலும், குறிப்புக்கான எழுத்து வரம்பு 280 குறிகள். தமிழின் உயிர்மெய் எழுத்துகளில் பெரும்பாலானவை கணினியில் இரண்டு குறிகளாகவே பதிவாவதால், ஆங்கிலத்தில் மூன்று வாக்கியங்களில் சொல்லும் விளக்கத்தைத் தமிழில் ஒன்றரை வாக்கியத்தில் அடக்கவேண்டியிருக்கிறது. சுருக்கமாக எழுதப் பழக இதுவும் ஒரு வாய்ப்பு என்று தேற்றிக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய வரம்பு, இச்சேவை இருக்கும் இடம். தமிழ்நாட்டில் செய்தி பெருமளவில் ஓடுவது வாட்ஸ்அப் குழுக்களிலும் யூடியூப்பிலும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தை கடத்துபவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு நாட்டின் பல பகுதிகளிலும் இத்தகைய கொலைகள் நடந்த பிறகே, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்ற கட்டுப்பாட்டை வாட்ஸ்அப் இந்தியாவில் கொண்டுவந்தது. குழுவில் இருப்பவர்களைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்ட அந்தக் குழுக்களுக்குள் எந்தக் குறிப்பும் நுழைய முடியாது; மறையாக்கம் வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. யூடியூப் 2024 ஜூனில் இதே போன்ற குறிப்புகளைச் சோதிக்கத் தொடங்கியது, அமெரிக்காவில், ஆங்கிலத்தில். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றை நடத்தும் மெட்டா நிறுவனம் 2025 ஜனவரி 7 அன்று, 2016 முதல் நடத்திவந்த வெளியார் உண்மைச் சரிபார்ப்புத் திட்டத்தை அமெரிக்காவில் கைவிட்டு, எக்ஸ் தளத்தை அடியொற்றிக் குறிப்பு முறைக்கு மாறுவதாக அறிவித்தது.

மெட்டாவின் அந்த அறிவிப்பு ஒரு தவறான எதிர்நிலையை உருவாக்கியது என்பேன். சரிபார்ப்பாளரா, மக்களா என்று கேட்பதே பொருந்தாது. 2024ஆம் ஆண்டின் குறிப்புகள் எந்தத் தளங்களை ஆதாரமாகக் காட்டின என்று ஸ்பெயின் நாட்டின் மால்டிட்டா நிறுவனம் ஆராய்ந்தபோது, எக்ஸ் பதிவுகளுக்கும் விக்கிப்பீடியாவுக்கும் அடுத்தபடியாக உண்மைச் சரிபார்ப்பு அமைப்புகளே இருந்தன. இந்தியாவில் ஆல்ட் நியூஸ், பூம், தமிழில் யூடர்ன் போன்றவை காணொளியின் மூலத்தைத் தேடிக் கண்டு எழுதி வைக்காவிட்டால், குறிப்பு எழுதும் குடிமகன் எதற்குச் சுட்டி கொடுப்பார்? அரசே சரிபார்த்துச் சொல்லட்டும் என்போரும் உண்டு. ஒன்றிய அரசு 2023இல் தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தித் தன்னைப் பற்றிய செய்திகளின் உண்மைத்தன்மையைத் தானே தீர்மானிக்க ஓர் அமைப்புக்கு அதிகாரம் அளிக்க முயன்றது. பம்பாய் உயர்நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. அரசின் அந்த முயற்சியையும் குறிப்பு முறையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், குறிப்பு முறையின் குறைகள் எனக்குப் பொறுத்துக்கொள்ளக் கூடியவையாகவே தெரிகின்றன.

உரிமையாளர் பற்றியும் ஒரு சொல். மஸ்க்கின் பதிவுகளுக்கே பலமுறை குறிப்புகள் சேர்ந்திருக்கின்றன. அதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டதும் உண்டு. ஆனால் 2025 பிப்ரவரியில், உக்ரைன் அதிபர் செலென்ஸ்கியின் மக்கள் ஆதரவு பற்றிய குறிப்புகள் அவருக்கு உவப்பாக இல்லாதபோது, அரசுகளும் பழைய ஊடகங்களும் இச்சேவையைத் திரித்துப் பயன்படுத்துகின்றன, இதைச் சரிசெய்யப் போகிறேன் என்றார். நிரல் வெளிப்படையாக இருப்பதால் எதை மாற்றினாலும் தெரிந்துவிடும் என்பது ஆறுதல். மாற்றும் உரிமை ஒருவரிடமே இருக்கிறது என்பது உறுத்தல். 2025 ஜூலையில் செயற்கை நுண்ணறிவு இயந்திரங்களும் குறிப்பு எழுதலாம், மதிப்பிடுவது மனிதர்களாகவே இருப்பார்கள் என்று சோதனை தொடங்கியது. எழுதும் வேகம் கூடும். மதிப்பிடும் மனிதர்களின் எண்ணிக்கை அதே வேகத்தில் கூடாவிட்டால், வெளியே வராத குறிப்புகளின் குவியல்தான் உயரும். இதற்கிடையே, எந்தப் பதிவைப் பார்த்தாலும் 'இது உண்மையா' என்று எக்ஸ் தளத்திலேயே உள்ள செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலியான கிராக்கிடம் கேட்கும் பழக்கம் பரவியிருக்கிறது. 2025 மே மோதலின்போது சூடானின் கார்ட்டூம் விமான நிலையத்துப் பழைய காட்சியைப் பாகிஸ்தானின் நூர் கான் விமானத் தளத்தின் மீதான ஏவுகணைத் தாக்குதல் என்று அதே செயலி சொன்னது. ஆதாரச் சுட்டியும், எதிரெதிர் மனிதர்களின் ஒப்புதலும் இல்லாமல் வெளியே வர முடியாத குறிப்பை அதனோடு ஒப்பிட்டால், எதை நம்புவது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை.

ஆகவே என் மதிப்பீடு இது: பதிவின் கீழே குறிப்பு இருந்தால், அதைப் படியுங்கள், சுட்டியைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். குறிப்பு இல்லை என்பதை மட்டும் எந்த வகையிலும் சான்றாகக் கொள்ளாதீர்கள். அரசியல், மதம், போர் ஆகியவற்றில் குறிப்பின்மைக்குப் பொருளே கிடையாது. படம், காணொளி, வானிலைப் புரளி, மருத்துவக் கட்டுக்கதை ஆகியவற்றில் இச்சேவை கட்டணம் வாங்கும் பல சேவைகளைவிட மேலானது.

தமிழ் வாசகர்கள் சேரலாமா என்றால், சேர வேண்டும் என்பேன். குறிப்பாகத் தமிழோடு இந்தியோ மலையாளமோ கன்னடமோ படிக்கத் தெரிந்தவர்கள். உடனே எழுதத் துடிக்க வேண்டாம். எழுதுபவர்களைவிட மதிப்பிடுபவர்களுக்கே பஞ்சம். சொந்தக் கட்சியின் பதிவுக்கு எழுதப்பட்ட நல்ல குறிப்பையும் 'உதவுகிறது' என்று குறிக்கத் தயங்காத சில நூறு பேர் கிடைத்தாலும், காத்துக் கிடக்கும் தமிழ்க் குறிப்புகளில் கணிசமானவை வெளியே வரும். கணக்கு புதியதாக இருந்தால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பதால், அடுத்த தேர்தலுக்கோ அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கோ தயாராக இருக்க நினைப்பவர்கள் இப்போதே பதிவு செய்துகொள்வது நல்லது.